மகன் எதற்கெடுத்தாலும் ஏஐ-யைக் கேட்கிறான்: தடுப்பதா, விடுவதா?

கல்லூரி கடைசி ஆண்டில் இருக்கும் மகன் எதற்கெடுத்தாலும் சாட்ஜிபிடியைக் கேட்கிறான், தடுக்கவா விடவா என்று கேட்டிருக்கிறீர்கள். தடுக்க வேண்டாம். வீட்டில் தடுத்தாலும் வெளியே பயன்படுத்துவான். நாளை சேரும் அலுவலகமே அதைப் பயன்படுத்தச் சொல்லலாம். எத்தனை மணி நேரம் பேசுகிறான் என்று கணக்குப் பார்ப்பதைவிட, என்ன கேட்கிறான் என்று பாருங்கள். 'எழுதிக் கொடு' என்று கேட்கிறானா, 'நான் எழுதியதில் எங்கே இடிக்கிறது' என்று கேட்கிறானா? முதல் வகை என்றால்தான் கவலைப்பட வேண்டும்.

ரெஸ்யூமில் இது பளிச்சென்று தெரியும். கல்லூரி விழாவில் நுழைவுச்சீட்டு மேசையைப் பார்த்துக்கொண்டதாக ஒரு மாணவர் ஒரு வரி எழுதி, 'இதை நன்றாக மாற்றிக் கொடு' என்கிறார் என்று வைத்துக்கொள்வோம். '15 பேர் கொண்ட குழுவை வழிநடத்தி, நுழைவுச்சீட்டு விற்பனையை 30 சதவீதம் உயர்த்தினேன்' என்று பதில் வரக்கூடும். பதினைந்து பேரும் இல்லை, முப்பது சதவீதமும் இல்லை. அடுத்து வரக்கூடிய சொல்லைக் கணித்துக்கொண்டே போவதுதான் இந்தக் கருவியின் வேலை. அது படித்த ரெஸ்யூம்களில் இப்படிப்பட்ட வரியில் ஒரு எண் இருக்கும். எனவே இங்கேயும் ஓர் எண்ணைப் போட்டுவிடுகிறது. நேர்காணலில் 'எவ்வளவிலிருந்து எவ்வளவாக உயர்ந்தது?' என்று ஒரே ஒரு கேள்வி வந்தால் போதும், பிள்ளை திணறிவிடுவான். அதன்பிறகு ரெஸ்யூமில் உள்ள உண்மையான வரிகளையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

இதைத் தவிர்க்க, கேட்கும் முறையை மாற்ற வேண்டும். முதலில் அவன் தன் சொந்த நடையில், பிழையோடு இருந்தாலும் பரவாயில்லை, செய்ததை எல்லாம் எழுதட்டும்: என்ன வேலை, எத்தனை நாள், என்ன கருவி, என்ன முடிவு. விண்ணப்பிக்கும் வேலையின் விளம்பரத்தையும் அதனுடன் ஒட்டிவிட்டு இப்படிக் கேட்கச் சொல்லுங்கள்: 'நான் தராத எண், பதவி, மென்பொருள் எதையும் சேர்க்காதே. தகவல் போதாத இடத்தில் என்னிடம் கேள்வி கேள். இந்த விளம்பரம் கேட்பதில் என்னிடம் இல்லாதது என்ன என்று தனியாகச் சொல்.' வந்த பதிலை ஒரு பேனாவோடு உட்கார்ந்து வரிக்கு வரி பார்க்க வேண்டும். நேர்காணலில் ஒரு வரியைப் பற்றி இரண்டு நிமிடம் தடுமாறாமல் பேச முடியாது என்றால் அந்த வரியை அடித்துவிடலாம். இதில் தாட்சண்யம் கூடாது.

அடுத்தது, எந்தத் துறைக்குப் போகலாம் என்ற கேள்வி. இங்கேதான் இந்தக் கருவி அதிகம் கெடுக்கிறது என்பேன். கேட்பவர் மனம் எந்தப் பக்கம் சாய்கிறது என்பதைக் கேள்வியிலிருந்தே பிடித்துக்கொண்டு அதற்கேற்ப ஒத்து ஊதும். 2025 ஏப்ரலில், சாட்ஜிபிடியின் ஒரு புதிய பதிப்பு அளவுக்கு மீறி ஆமாம் சாமி போடுகிறது என்று அதை உருவாக்கிய ஓபன்ஏஐ நிறுவனமே அதைத் திரும்பப் பெற்றது. அந்தப் பதிப்பு போனாலும் குணம் முழுதாகப் போகவில்லை. 'டேட்டா சயின்ஸ் எனக்குப் பொருந்தும்தானே?' என்று கேட்டால் பொருந்தும் என்றுதான் பெரும்பாலும் வரும். பழைய உரையாடல்களை நினைவில் வைத்துக்கொள்ளும் வசதி இயங்கினால் சாய்வு இன்னும் கூடும்.

அந்த நினைவு வசதியை அணைத்துவிட்டு, புதிய உரையாடல் ஒன்றைத் திறந்து, 'ஒரு மாணவருக்கு இந்த மூன்று வழிகள் இருக்கின்றன' என்று மூன்றாம் மனிதரைப் பற்றிக் கேட்பதுபோல் கேட்கச் சொல்லுங்கள். எது பிடிக்கும் என்பதைச் சொல்லக் கூடாது. ஒவ்வொன்றுக்கும் எதிரான வாதத்தை மட்டும் முதலில் கேட்க வேண்டும். இதைவிடப் பயனுள்ளது ஒன்று உண்டு. விரும்பும் வேலைக்கான 20 விளம்பரங்களைத் திரட்டி ஒட்டி, எந்தத் திறன் எத்தனை விளம்பரங்களில் வருகிறது என்று அட்டவணை போடச் சொல்லலாம். எண்ணுவதிலும் அது தவறும். அட்டவணையில் முதலில் வந்த மூன்று திறன்களையாவது கையால் எண்ணிச் சரிபார்க்க வேண்டும். அரை மணி நேர வேலைதான். ஆனால் 'எதிர்காலம் உள்ள துறை எது?' என்று பொதுவாகக் கேட்டு வாங்கும் பதிலைவிட இந்த அட்டவணை கூடுதலாகச் சொல்லும்.

தேர்வுத் தேதி, வயது வரம்பு, கட்டணம், தகுதி மதிப்பெண் ஆகியவற்றை அது சொல்வதை வைத்து முடிவு செய்யவே கூடாது. போன ஆண்டின் விதியை இந்த ஆண்டின் விதிபோலவே தடங்கலின்றிச் சொல்லும். அதிகாரப்பூர்வக் கையேட்டை பிடிஎஃப் ஆக இறக்கி, அதை ஏற்றி, 'எந்தப் பக்கத்தில் இருக்கிறது?' என்று கேட்டு, அந்தப் பக்கத்தைத் திறந்து கண்ணால் பார்க்க வேண்டும். 'நீ சொன்னது உண்மையா?' என்று அதனிடமே கேட்பது சரிபார்ப்பு ஆகாது. 2023-ல் நியூயார்க்கில் ஒரு வழக்கறிஞர், சாட்ஜிபிடி எடுத்துக் கொடுத்த பழைய தீர்ப்புகளைப் பற்றி அதனிடமே அப்படித்தான் கேட்டார். உண்மைதான் என்றது. நீதிமன்றத்தில் காட்டிய அந்தத் தீர்ப்புகள் இல்லாதவை என்று தெரிந்தபின், அவருக்கும் மனுவில் கையெழுத்திட்ட சக வழக்கறிஞருக்கும் அவர்களது நிறுவனத்துக்கும் சேர்த்து 5,000 டாலர் அபராதம் விழுந்தது.

எதை ஒட்டக் கூடாது என்பதையும் சொல்லிவிடுங்கள். அடையாள அட்டை எண், பாஸ்போர்ட் படம், வங்கி விவரம், கடவுச்சொல், ஓடிபி எதுவும் வேண்டாம். ரெஸ்யூமைத் திருத்த முகவரியும் தொலைபேசி எண்ணும் தேவையில்லை; நீக்கிவிட்டு ஒட்டி, முடிந்தபின் சேர்த்துக்கொள்ளலாம். பயிற்சிக்குப் போகும் இடத்தின் கணினி நிரல், வாடிக்கையாளர் பட்டியல், உள் ஆவணம் ஆகியவற்றில் கூடுதல் கவனம் வேண்டும். 2023-ல் சாம்சங் ஊழியர்கள் நிறுவனத்தின் நிரலைச் சாட்ஜிபிடியில் ஒட்டியது தெரியவந்து, நிறுவனம் இத்தகைய கருவிகளுக்கே தடை போட்டது. சாட்ஜிபிடி அமைப்புகளில் தரவுக் கட்டுப்பாடு என்ற பகுதியில், உரையாடல்களை ஏஐ-யைப் பயிற்றுவிக்கப் பயன்படுத்தும் அனுமதியை அணைத்து வைக்கலாம். அணைத்தாலும் உரையாடல் அவர்கள் சேவையகத்தில் இருக்கத்தான் செய்யும் என்பதால் மேலே சொன்ன பட்டியல் அப்படியே பொருந்தும்.

கல்லூரி ஒப்படைப்புகள் (அசைன்மென்ட்) விஷயத்தில் வேறொரு சிக்கல்: சொந்தமாக எழுதியவர்மீதும் பழி விழலாம். ஏஐ எழுதியதா என்று கண்டுபிடிக்கும் கருவிகள் நம்பத்தக்கவை அல்ல. ஓபன்ஏஐ தானே வெளியிட்ட கண்டறியும் கருவியைத் துல்லியம் போதவில்லை என்று 2023 ஜூலையில் நிறுத்திவிட்டது. ஆங்கிலம் தாய்மொழியல்லாத மாணவர்களின் கட்டுரைகளை இத்தகைய கருவிகள் அடிக்கடி இயந்திரம் எழுதியதாகக் காட்டுகின்றன என்று அதே ஆண்டில் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் சோதித்துச் சொன்னார்கள். ஆகவே வரைவுகளை அழிக்காமல் வைத்திருக்கட்டும். கூகுள் டாக்ஸில் எழுதினால் எந்த நாளில் எதை மாற்றினான் என்ற வரலாறு தானாகவே பதிவாகும். எந்த அளவுக்கு ஏஐ உதவி பெறலாம் என்பதை ஆசிரியரிடம் மின்னஞ்சலில் கேட்டு வைத்துக்கொள்வது இன்னும் நல்லது.

நேர்காணல் ஒத்திகைக்குத் தாராளமாகப் பயன்படுத்தலாம். ஒரு நேரத்தில் ஒரு கேள்வி, பதில் சொன்னபின் குறை மட்டும், பாராட்டு வேண்டாம் என்று சொல்லி, தட்டச்சு செய்யாமல் குரலில் பேசிப் பழக வேண்டும். உண்மையான நேர்காணலில் பக்கத்தில் திறந்து வைத்துப் படிப்பது வேறு கதை. கேள்விக்கும் பதிலுக்கும் நடுவே ஒரே அளவு இடைவெளி, வரிவரியாக நகரும் கண் இரண்டும் எதிரில் இருப்பவருக்கு எளிதில் தெரிந்துவிடும்.

வேலைக் கடிதம் வந்ததும் நீங்களும் ஒருமுறை வாங்கிப் பாருங்கள். முன்பெல்லாம் மோசடிக் கடிதத்தை எழுத்துப்பிழையை வைத்தே பிடித்துவிடலாம். இப்போது மோசடிக்காரர்களும் ஏஐ-யைக் கொண்டு குறையில்லாமல் எழுதுகிறார்கள். அனுப்பியவரின் மின்னஞ்சலில் @ குறிக்குப் பின்னால் இருப்பது நிறுவனத்தின் இணைய முகவரிதானா என்று எழுத்தெழுத்தாகப் பாருங்கள். கடிதத்தில் உள்ள எண்ணை விட்டுவிட்டு, நிறுவனத்தின் இணையதளத்தில் உள்ள எண்ணுக்கு அழைத்துக் கேளுங்கள். சேருமுன் பயிற்சிக் கட்டணம், மடிக்கணினி வைப்புத்தொகை என்று எந்தப் பெயரில் பணம் கேட்டாலும் அத்துடன் நிறுத்திவிடுங்கள்.