பழைய டீசல் காரைத் தேங்காய் எண்ணெயில் ஓட்டலாமா?

திருகோணமலையில் மலிவாக வாங்கிய பழைய டீசல் காரை, பொரித்து மிஞ்சிய தேங்காய் எண்ணெயில் ஓட்டலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். பழைய வகை இயந்திரமாயின் ஓட்டலாம். ஒரு பொதுக் குழாயிலிருந்து மிக உயர் அழுத்தத்தில் எரிபொருளைச் செலுத்தும் புதிய வகையான கொமன் ரெயில் இயந்திரத்தில் முயலவே வேண்டாம்.

சிக்கல் தடிப்பில்தான் இருக்கிறது: தாவர எண்ணெய் டீசலைவிடப் பன்மடங்கு தடிப்பானதாகையால், நுண்துளிகளாகச் சிதறாமல் அரைகுறையாக எரிந்து, எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டரிலும் பிஸ்டன் வளையங்களிலும் கரியாகப் படிகிறது. ஆகவே இயந்திரத்தின் சுடுநீரால் எண்ணெயைச் சூடாக்கும் இரண்டாவது தாங்கியைப் பொருத்தி, டீசலில் தொடங்கி, சூடேறியபின் எண்ணெய்க்கு மாறி, நிறுத்துமுன் மீண்டும் டீசலுக்கு வர வேண்டும். தேங்காய் எண்ணெய் ஏறத்தாழ 24 பாகை செல்சியசில் உறையும். நம் ஊரில் மார்கழி மழை இரவுகளில் மட்டுமே அந்தக் கவலை. நீரையும் கசடையும் அகற்றாமல் ஊற்றினால் பம்பு கெடும். வளையங்கள் தேய்ந்த காரில் எரியாத எண்ணெய் என்ஜின் ஒயிலில் கலந்து அதைக் கூழாக்குவதால், ஒயிலை வழமையைவிட விரைவாக மாற்றுங்கள்.