புரூக்ளினின் எம்பயர் ரோலர் ஸ்கேட்டிங் (சக்கரக் காலணியில் சறுக்கும்) அரங்கம் அவ்வளவு பிரபலமாக இருந்தும் ஏன் மூடப்பட்டது?

ஆள் வராமல் மூடப்பட்டது என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதிக் காரணம்கூட இல்லை என்பது என் கருத்து.

நியூயார்க் நகரின் புரூக்ளினில் உள்ள கிரவுன் ஹைட்ஸ் பகுதியில், எபெட்ஸ் ஃபீல்டு பேஸ்பால் மைதானத்துக்குப் பக்கத்தில், 1941-ல் எம்பயர் தொடங்கியது. அதற்கு முன் அந்தக் கட்டடம் கார் நிறுத்துமிடம். ஆரம்பத்தில் ஆர்கன் என்ற கீபோர்டு வகை வாத்தியத்தின் இசைக்குச் சீராக வட்டமடிப்பார்கள், அவ்வளவுதான். 1957-ல் பில் பட்லர் என்ற கறுப்பின ஸ்கேட்டர் அங்கே வந்தார். ஜாஸ், ஆர் அண்ட் பி (ரிதம் அண்ட் புளூஸ்) இசைக்கு முழங்காலை மடக்கி, தாளத்தோடு துள்ளிச் சறுக்கும் பாணியை அவர் பரப்பினார். அப்புறம் எழுபதுகளில் ஆர்கன் போய் டிஜே வந்தார். டிஸ்கோ இசைக்குச் சக்கரக் காலணியில் ஆடும் ரோலர் டிஸ்கோ பிறந்த இடம் என்று இன்றும் எம்பயரைத்தான் சொல்கிறார்கள். அக்கம்பக்கத்துக் கறுப்பினக் குடும்பங்களுக்கு அது தலைமுறைகள் கூடும் இடமாகவும் இருந்தது.

சரி, பிறகு ஏன் மூடினார்கள்? கணக்குதான். ஸ்கேட்டிங்குக்குத் தூண் குறுக்கிடாத பெரிய கூடம் வேண்டும். மரத்தளத்தைப் பராமரிக்க வேண்டும். விழுந்து அடிபடுவோருக்காகக் காப்பீடு கட்ட வேண்டும். நுழைவுக் கட்டணத்தையோ பெரிதாக ஏற்ற முடியாது. புரூக்ளினில் நிலமதிப்பு ஏற ஏற, அதே பரப்பை வேறு தொழிலுக்குக் கொடுப்பதில்தான் லாபம். 2007 ஏப்ரலில் எம்பயர் மூடப்பட்டது. கட்டடம், மக்கள் வாடகை கொடுத்துத் தங்கள் வீட்டுச் சாமான்களைப் போட்டு வைக்கும் கிடங்கானது. கிடங்குக்கு டிஜேயும் வேண்டாம், தளத்துக்குப் பாலிஷும் வேண்டாம்!