கணினி கேள்வி பதில்: 600 வெள்ளி சர்வர், மாதா மாதம் பில்

கேள்வி: அண்ணா, நான் செம்பனை ஆலையில் வேலை செய்கிறேன். இரவில் லினக்ஸ், நெட்வொர்க் படிக்கிறேன். ஒரே பெட்டியில் நான்கைந்து மெய்நிகர் கணினிகளை (மென்பொருளாக ஓடும் தனித்தனிக் கணினிகள்) ஓட்டிப் பழக ஆசை. ஈப்போவில் ஒரு கடையில் பழைய டெல் பவர்எட்ஜ் ஆர்710 சர்வர் இருக்கிறது. இரண்டு ப்ராசசர், 64 ஜிபி ராம், 600 வெள்ளி. வீட்டில் மாதம் 520 யூனிட் மின்சாரம் ஓடுகிறது. வாங்கலாமா?
- ஒரு வாசகர், சுங்கை சிப்புட்

பதில்: வேண்டாம், தம்பி. 64 ஜிபி என்றதும் ஆசை வருவது நியாயம்தான். ஆனால் அது 2009-இல் வந்த மாடல். இரண்டு ப்ராசசரோடு சும்மா கிடக்கும்போதே 150 வாட் அளவுக்கு இழுக்கும். இரவும் பகலும் ஓடினால் மாதம் 108 யூனிட். மலேசியாவில் 2025 ஜூலையில் மாறிய வீட்டு மின் கட்டணத்தில், 1500 யூனிட் வரைக்கும் எரிசக்தி, கொள்ளளவு, கம்பிவழிக் கட்டணம் மூன்றும் சேர்ந்து யூனிட்டுக்கு 44.43 சென். பெருக்கினால் 48 வெள்ளி.

உங்கள் விஷயத்தில் கணக்கு அதோடு நிற்காது. 520-உம் 108-உம் சேர்ந்தால் 628. 600-ஐத் தாண்டிய மாதத்தில் 10 வெள்ளி சில்லறைக் கட்டணம் ஏறும். 600-க்கு மேற்பட்ட பகுதிக்குச் சேவை வரியும் உண்டு. சிக்கனமாக எரிப்பவர்களுக்குக் கொடுக்கும் கழிவும் யூனிட் கூடக் கூடக் குறையும். அந்தக் குறைவு புதிதாக ஏறிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, மொத்த யூனிட்டுக்கும் சேர்த்துத்தான் விழும். நம் ஊரில் மாதச் செலவைப் பார்த்துப் பார்த்துச் செய்கிற குடும்பங்களே அதிகம். படிக்கிற பிள்ளை வீட்டுக்கு இந்தச் சுமையைக் கொண்டுவரக் கூடாது என்பதில் எனக்கு உறுதி உண்டு. சத்தம் வேறு, சுவர் ஒட்டிய வீடுகளில் அந்த விசிறி பக்கத்து வீட்டுக்காரரையும் தூங்க விடாது.

அலுவலகங்கள் கழித்துவிடும் குட்டிப் பெட்டிகளைத் தேடுங்கள். லெனோவோ திங்க்சென்டர் எம்720கியூ, டெல் ஆப்டிப்ளெக்ஸ் மைக்ரோ போன்றவை. ஐ5-8500டி ப்ராசசரில் ஆறு கோர்கள். சும்மா இருக்கும்போது 15 வாட் என்று வைத்தாலும் மாதம் 11 யூனிட், ஐந்து வெள்ளிக்குள் முடியும். 600-இன் பக்கமே போக மாட்டீர்கள்.

ராம் 16 ஜிபி போதும். மெய்நிகர் கணினிகளை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸ் மென்பொருளைப் போடுங்கள், டெபியன் லினக்ஸ் மேல் ஓடுவது, இலவசம். விண்டோஸ் வேண்டுமானால் முழு மெய்நிகர் கணினி. லினக்ஸ் வேலைகளுக்கு எல்எக்ஸ்சி கன்டெய்னர் (ஒரே லினக்ஸுக்குள் தனித்தனி அறை மாதிரி): பெட்டியின் கெர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, பகிர்ந்துகொள்வதால் ராமை அதிகம் தின்னாது. முதலில் பயாஸில் (பெட்டி தொடங்கும்போது வரும் அமைப்புத் திரை) மெய்நிகர் கணினிகளுக்குத் தேவையான விடி-எக்ஸ் வசதியைத் திறந்துவிடுங்கள்.

மலிவாக வருகிறதே என்று சர்வரிலிருந்து கழற்றிய ரெஜிஸ்டர்ட் ராமை (சர்வர்களுக்கென்றே செய்த வகை) வாங்காதீர்கள், இந்தப் பெட்டிகளில் அது வேலை செய்யாது. எஸ்எஸ்டியைப் புதிதாகவே வாங்குங்கள். பழைய ஹார்ட் டிஸ்க் கைக்கு வந்தால் ஸ்மார்ட் அறிக்கையில் (டிஸ்க் தன் நலத்தைப் பற்றித் தானே வைத்திருக்கும் பதிவு) ஓடிய மணிநேரத்தையும், மாற்றி ஒதுக்கிய செக்டர்களின், அதாவது கெட்டுப்போனதால் வேறிடத்துக்கு மாற்றிய பகுதிகளின், எண்ணிக்கையையும் பாருங்கள். அந்தச் செக்டர் எண்ணிக்கை பூஜ்யமாக இல்லையென்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

பேராக்கில் சாயங்கால இடி மின்னலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மின்சாரம் போனாலும் கொஞ்ச நேரம் தாங்கும் சின்ன யூபிஎஸ் ஒன்று கட்டாயம். இடி இடிக்கும்போது பெட்டியை முறையாக நிறுத்தி, பிளக்கையும் நெட்வொர்க் கேபிளையும் கழற்றிவிடுங்கள். கடையில் பெட்டியைப் பார்க்கப் போகும்போது பிளக்கில் செருகும் வாட் மீட்டரைக் கையோடு கொண்டுபோய், பத்து நிமிடம் ஓடவிட்டு, எண்ணைப் பார்த்த பிறகு பணம் கொடுங்கள்.