ஸ்கூட்டரை எங்கே நிறுத்தினேன்? எடை, வயிறு, மறதி: ஒரு வாசகிக்குப் பதில்

கேள்வி: எனக்கு 47 வயது. வீடு புதுச்சேரி முத்தியால்பேட்டையில், நேரு வீதியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுகிறேன். உயரம் 156 செ.மீ., எடை 84 கிலோ. ஐந்து ஆண்டுகளுக்கு முன் 68 கிலோதான் இருந்தேன். நான்கு ஆண்டுகளாகச் சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறேன். மாலை நான்கு மணிக்குக் கடையருகே பஃப்ஸும் டீயும், இரவு பத்து மணிக்கு டி.வி. முன்னால் சாப்பாடு. சில மாதங்களாக மறதி பாடாய்ப் படுத்துகிறது. ஸ்கூட்டரை எந்தச் சந்தில் விட்டேன் என்று தெரியாமல் அலைகிறேன். பகலில் கணக்கு நோட்டின் மீதே தூங்கி விழுகிறேன். இரவில் பலமாகக் குறட்டை விடுகிறேனாம். "உடம்பு பெருத்தால் புத்தி மந்தமாகும்" என்று வீட்டில் கேலி செய்கிறார்கள். அது உண்மையா? எடை குறைந்தால் நினைவு திரும்புமா? வல்லாரை மாத்திரை வாங்கட்டுமா? என் அம்மாவுக்கு 73 வயது. இந்த ஒரு வருடத்தில் தானாகவே நன்றாக மெலிந்துவிட்டார். அந்த உடம்பு எனக்கு வரக்கூடாதா என்றிருக்கிறது. சொன்னதையே திரும்பத் திரும்பச் சொல்வதுதான் அவரிடம் ஒரே குறை.

பதில்: உங்கள் வீட்டில் செய்யும் கேலியை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். எடைக்கும் புத்திக்கும் முடிச்சுப் போடுவது தவறு. கடை முழுவதன் கணக்கையும் பார்க்கிற ஒருவரிடம் அப்படிச் சொல்வது கொடுமையும்கூட. எடை கூடும்போது மூளையின் சில குறிப்பிட்ட வேலைகள் தடுமாறலாம் என்பது மட்டும் உண்மை. எந்த வேலைகள், எந்த வழியாக என்று தெரிந்துகொண்டால், எதைச் சரிசெய்யலாம் என்பதும் புரிந்துவிடும்.

மூளைக்குள் காதுகளுக்கு நேர் உள்பக்கமாக, இரு புறமும் ஹிப்போகேம்பஸ் என்ற பகுதி இருக்கிறது. மீனவர் வலையில் எப்போதாவது சிக்கும் கடல்குதிரையைப் பார்த்திருப்பீர்கள். அதைப் போலவே வளைந்திருப்பதால் கிரேக்க மொழியில் அந்தப் பெயரையே வைத்துவிட்டார்கள். இன்று நடந்ததை நாளைக்கு எடுத்து வைப்பது, எந்தப் பொருள் எந்த இடத்தில் என்று குறித்துக்கொள்வது ஆகியவை இதன் பொறுப்பு. நீங்கள் காலையில் ஸ்கூட்டரை விட்ட சந்து இங்கேதான் பதிவாக வேண்டும்.

அதே ஹிப்போகேம்பஸுக்குப் பசியிலும் பங்கு உண்டு. ஹென்றி மொலைசன் என்ற அமெரிக்கருக்கு 1953-ல் வலிப்பு நோய்க்காகச் செய்த அறுவை சிகிச்சையில், இரு பக்கத்திலும் இந்தப் பகுதியின் பெரும்பாலானதை அகற்றிவிட்டார்கள். அதன்பின் புதிய நிகழ்ச்சி எதுவும் அவர் நினைவில் தங்கவில்லை. இரவு உணவை முடித்த சற்று நேரத்தில் இன்னொரு தட்டு நிறைய வைத்தபோது, அதையும் சாப்பிட்டார். வயிறு நிறைந்த உணர்வு வயிற்றிலிருந்து மட்டும் வருவதில்லை. "சாப்பிட்டாயிற்று" என்ற நினைவிலிருந்தும் வருகிறது. டி.வி. பார்த்தபடி சாப்பிட்டால் அந்த நினைவு சரியாகப் பதிவதில்லை, அடுத்த வேளையில் அதிகம் சாப்பிடுகிறோம் என்று சோதனைகள் காட்டியிருக்கின்றன. உங்கள் இரவுச் சாப்பாட்டைப் பற்றிப் படித்ததும் எனக்குத் தோன்றியது இதுதான்.

நிறைவுற்ற கொழுப்பும் சர்க்கரையும் சேர்ந்த உணவை எலிகளுக்குத் தொடர்ந்து கொடுத்தால், இடங்களை நினைவில் வைக்கும் திறன் சில நாட்களிலேயே சரிகிறது. அப்போது எலி பெருத்திருப்பதில்லை. எடை கூடுவதற்கு முன்பே ஹிப்போகேம்பஸ் அடி வாங்கத் தொடங்கிவிடுகிறது. மனிதர்களிடமும் பார்த்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் நடந்து 2020-ல் வெளியான ஆய்வில், ஒல்லியான ஆரோக்கியமான இளைஞர்கள் சிலர் ஒரே ஒரு வாரம் துரித உணவும் இனிப்பு வாஃபிளும் சாப்பிட்டார்கள். நினைவுச் சோதனையில் மதிப்பெண் இறங்கியது. வயிறு நிறைந்த பிறகும் நொறுக்குத் தீனி மீது ஆசை குறையவில்லை. பழைய உணவுக்குத் திரும்பிய 3 வாரங்களில் அந்த வித்தியாசம் மறைந்துவிட்டது. இளைஞர்கள், ஒரே வாரம் என்பதால் இதை உங்களுக்கு அப்படியே பொருத்த முடியாது. ஆனாலும் இந்தத் தடுமாற்றம் திரும்பிவரக்கூடியது என்பது நம்பிக்கை தருகிறது.

பஃப்ஸை இந்தக் கண்ணோடு பாருங்கள். கையில் எடுத்துப் பிய்த்தால் தாள் தாளாகப் பிரிகிறதே, அந்த ஒவ்வொரு அடுக்குக்கும் நடுவில் இருந்தது மார்ஜரினோ வனஸ்பதியோதான். காகிதத்தில் ஒட்டும் எண்ணெயும் அதுவே. அடுக்குகள் முழுவதும் மைதா. கூடவே சர்க்கரை போட்ட டீ. எலிக்குக் கொடுத்த கலவைக்கும் இதற்கும் தூரம் அதிகமில்லை. நம் ஊர் ரொட்டிக்கடை வாசனையின் அருமை தெரிந்தவன்தான் நானும். வாரம் ஒரு நாள் சாப்பிடுங்கள், தினமும் வேண்டாம். அந்த நான்கு மணிப் பசிக்கு வேகவைத்த சுண்டலோ ஒரு முட்டையோ கையோடு கொண்டுபோங்கள். பசியை அடக்கிக்கொண்டு வேலை செய்யச் சொல்ல மாட்டேன். பட்டினி இருந்தால் இரவு பத்து மணிச் சாப்பாடுதான் பெரிதாகும்.

பல ஆண்டுகள் இப்படிப் போனால் குடலையும் கல்லீரலையும் சுற்றிக் கொழுப்பு சேர்கிறது. தோலுக்கடியில் இருக்கும் கொழுப்பைவிட இது தீயது. இது ரத்தத்தில் அழற்சிப் பொருட்களை விட்டுக்கொண்டே இருக்கும். இன்சுலின் சொல்வதை உடல் கேட்காமல் போகும். மூளையின் நரம்புச் செல்களும் இன்சுலினுக்குக் கட்டுப்பட்டவைதான். ரத்த அழுத்தமும் சேர்ந்தால் மூளையின் நுண்ணிய ரத்தக்குழாய்கள் தடித்துப்போகின்றன. அமெரிக்காவில் 6,583 பேரை நாற்பது வயதுகளில் அளந்து, சராசரியாக 36 ஆண்டுகளுக்குப் பிறகு பார்த்தார்கள். வயிறு மிகவும் பெருத்திருந்த ஐந்தில் ஒரு பங்கினருக்கு, வயிறு மிகவும் ஒட்டியிருந்தவர்களைவிட முதுமையில் டிமென்ஷியா (நினைவும் சிந்தனையும் படிப்படியாகத் தேயும் நோய்) ஏறத்தாழ 3 மடங்கு வந்திருந்தது. 2008-ல் வெளிவந்த கணக்கு இது. நம் ஊர் நிலையையும் சொல்லிவிடுகிறேன்: 2023-ல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் நாடு தழுவிய சர்க்கரை நோய் ஆய்வில் (ஐ.சி.எம்.ஆர்.-இண்டியாப்), வயிற்றுப் பருமனில் நாட்டிலேயே முதலிடம் புதுச்சேரிக்கு. வயது வந்தவர்களில் 61.2 சதவீதம் பேர்.

அதனால் தராசைவிடத் தையல்காரரின் இஞ்சு டேப்பை நம்புங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பு எலும்பின் மேல் விளிம்புக்கும் நடுவில், துணிக்கு மேல் வைக்காமல் தோலில் வைத்து, மூச்சை இயல்பாக வெளியே விட்டபின் அளக்க வேண்டும். வயிற்றை எக்கக் கூடாது. நம் நாட்டுப் பெண்களுக்கு 80 செ.மீ., ஆண்களுக்கு 90 செ.மீ. என்பது எல்லை. மாதம் ஒரு முறை அளந்து, கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதி வையுங்கள்.

இவ்வளவும் சொன்ன பிறகு, உங்கள் மறதிக்கு எடையை மட்டுமே காரணமாகச் சொல்லி அனுப்பிவிட எனக்கு மனமில்லை. "எடையைக் குறைங்கள்" என்ற ஒரே வரியோடு மருத்துவர்கள் அனுப்பி வைக்க, எளிதில் சரிசெய்யக்கூடிய காரணங்கள் ஆண்டுக்கணக்கில் கவனிக்கப்படாமல் கிடப்பதைப் பார்த்திருக்கிறேன். உங்கள் கடிதத்திலேயே அப்படி இரண்டு தடயங்கள் இருக்கின்றன.

முதலாவது குறட்டை. பலத்த குறட்டை, பகல் தூக்கம், மறதி மூன்றும் ஒருவரிடம் சேர்ந்திருந்தால், தூக்கத்தில் மூச்சு தடைபடும் நோயைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். கழுத்திலும் நாக்கிலும் சேர்ந்த கொழுப்பு, தசைகள் தளரும்போது மூச்சுப் பாதையை மூடிவிடுகிறது. உங்கள் கணவரை ஓர் இரவு அரை மணி நேரம் விழித்திருக்கச் சொல்லுங்கள். குறட்டை ஏறிக்கொண்டே வந்து சட்டென்று நிற்கும். நெஞ்சு மட்டும் மூச்சுக்காக முயலும். பத்து விநாடியோ அதற்கு மேலோ அமைதி. பிறகு விக்கியதுபோல் ஒரு பெரிய மூச்சு. அதைக் கைபேசியில் பதிவுசெய்து மருத்துவரிடம் காட்டினால் பாதி வேலை முடிந்தது. ஒவ்வொரு அடைப்பிலும் ரத்தத்தில் ஆக்சிஜன் இறங்குகிறது, மூளை திடுக்கிட்டு விழிக்கிறது. பகலில் கற்றதை ஹிப்போகேம்பஸ் நிலைப்படுத்துவது ஆழ்ந்த தூக்கத்தில்தான். அந்தத் தூக்கமே உங்களுக்குக் கிடைக்காமல் இருக்கலாம். தூக்கப் பரிசோதனையில் உறுதியானால், இரவில் காற்றழுத்தம் தரும் முகமூடிக் கருவி வைப்பார்கள். பகல் தூக்கம் விரைவிலேயே குறையும்.

இரண்டாவது மெட்ஃபார்மின். நல்ல மருந்து, நீங்களாக நிறுத்திவிடாதீர்கள். ஆனால் பல ஆண்டுகள் எடுப்பவர்களுக்கு வைட்டமின் பி12 குறைவதுண்டு. பி12 குறைந்தால் மறதி வரும், கால் விரல்கள் மரத்துப்போகும். ஒரு ரத்தப் பரிசோதனையில் தெரிந்துவிடும். மாத்திரையாலோ ஊசியாலோ ஈடுகட்டிவிடலாம். அதே ரத்தத்தில் தைராய்டு, மூன்று மாதச் சர்க்கரைச் சராசரி, கொழுப்பு ஆகியவற்றையும் பார்த்துவிடுங்கள். ரத்த அழுத்தத்தையும் சோதியுங்கள். 47 வயதில் மாதவிலக்கு முறை மாறத் தொடங்கியிருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள். அந்த மாற்றத்திலும் தூக்கம் கெடும், மறதி கூடும். மனச்சோர்வும் மறதியாக வரும். கேலிக்கு நடுவில் இருப்பவர் என்பதால் இதைக் கேட்கிறேன்: மனம் எப்படி இருக்கிறது?

எடை குறைந்தால் நினைவு திரும்புமா என்றால், கவனமும் நினைவும் ஓரளவு மேம்படுவதாக ஆய்வுகள் சொல்கின்றன. பெரிய பாய்ச்சல் என்று சொல்ல மாட்டேன். ஆனால் 84 கிலோவில் 4 கிலோ குறைந்தாலே சர்க்கரையும் ரத்த அழுத்தமும் இறங்கத் தொடங்கும், மூச்சடைப்பும் தளரும். 68-க்கு எப்போது போவேன் என்று மலைக்க வேண்டாம். எடை இறங்கும் முன்பே பலன் தருவது நடைதான். 2011-ல் வந்த ஆய்வொன்றில், 120 முதியவர்களில் ஒரு பாதியினர் வாரம் 3 நாள் 40 நிமிடம் நடந்தார்கள். ஓராண்டில் அவர்களின் ஹிப்போகேம்பஸ் சுமார் 2 சதவீதம் வளர்ந்திருந்தது. தசையை நீட்டி மடக்கும் பயிற்சி மட்டும் செய்தவர்களுக்கு அது சுருங்கியிருந்தது. நமக்குக் கடற்கரைச் சாலை இருக்கிறது. காலை 7.30 வரை வண்டிகள் கிடையாது. காந்தி சிலையிலிருந்து இரு பக்கமும் நன்றாக நடந்து திரும்புங்கள். பேசலாம், பாட முடியாது என்ற அளவு வேகம் போதும்.

இரவுச் சாப்பாட்டை எட்டரைக்குள் முடியுங்கள். டி.வி.யை அணைத்துவிட்டுச் சாப்பிடுங்கள். மத்தி, கானாங்கெளுத்தி போன்ற மீன்களைப் பொரிக்காமல் குழம்பாக வையுங்கள்.

வல்லாரைத் துவையல் தாராளமாகச் சாப்பிடலாம். மாத்திரை வேண்டாம், நினைவைக் கூட்டுகிறது என்பதற்கு உறுதியான சான்று இல்லை, அரிதாகச் சிலருக்குக் கல்லீரலையும் பாதித்திருக்கிறது. அந்தப் பணத்தில் பி12 பரிசோதனை செய்யலாம்.

இனி உங்கள் அம்மா. உங்களைவிட அவரைப் பற்றித்தான் எனக்குக் கவலை. நடுவயதில் எடை கூடுவது எப்படி ஆபத்தோ, எழுபதுக்கு மேல் காரணமில்லாமல் எடை குறைவதும் அப்படித்தான். டிமென்ஷியா கண்டறியப்படுவதற்குச் சில ஆண்டுகள் முன்பே எடை இறங்கத் தொடங்குவதுண்டு. சாப்பிட மறந்துபோகலாம், வாசனை தெரியாமல் போகலாம். சொன்னதையே சொல்வதும் சேர்ந்திருக்கும்போது காத்திருக்கக் கூடாது. தைராய்டு, சர்க்கரை, காசநோய், புற்றுநோய், ஏன் பல்வலிகூட இப்படி மெலியவைக்கும் என்பதால் நானாக எதையும் முடிவுகட்டவில்லை. ஜிப்மருக்கோ, கதிர்காமத்தில் உள்ள இந்திரா காந்தி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ இந்த வாரமே அழைத்துச் செல்லுங்கள். பழைய புகைப்படம் ஒன்றையும் எடுத்துப்போங்கள். எவ்வளவு மெலிந்திருக்கிறார் என்று மருத்துவருக்கு அது காட்டிவிடும். அவர் காலையில் என்ன சாப்பிட்டார் என்று அவரையே கேட்டுவிட்டு, பிறகு சமையலறையில் போய்ப் பாருங்கள். இரண்டும் ஒத்துப்போகிறதா என்பதையும் குறித்துக்கொண்டு போங்கள்.