பிறந்த குழந்தையின் கண்ணில் பூ: மூன்று மாதம் பொறுக்கலாமா?

கேள்வி: எங்கள் பெண் குழந்தை பிறந்து 24 நாள் ஆகிறது. வலது கண்ணில் கறுப்புக்கு நடுவே மிளகு அளவுக்கு வெள்ளையாக இருக்கிறது. பிரசவம் பார்த்த இடத்தில் "மூணு மாசம் போகட்டும்" என்றார்கள். கிரகணத்தன்று என் மனைவி வெளியே வந்ததால்தான் பூ விழுந்தது என்று சொல்லி, தினமும் தாய்ப்பால் இரண்டு சொட்டு கண்ணில் விடச் சொல்கிறார் அம்மா. மனைவி எனக்கு அத்தை மகள். அதனால் வந்திருக்குமா?

பதில்: பொறுக்க வேண்டாம். இந்த வாரமே குழந்தைகளுக்கென்று தனிப் பிரிவு உள்ள கண் மருத்துவமனைக்குப் போய்விடுங்கள். மதுரை, கோவை, சென்னை எதுவானாலும் சரி. செலவை நினைத்துத் தள்ளிப் போடாதீர்கள், எழும்பூர் அரசு கண் மருத்துவமனையிலும் பார்க்கலாம்.

அவசரப்படுத்துவதற்குக் காரணம் அந்த வெள்ளையைவிடக் கண்ணுக்குள் இருக்கக்கூடிய அழுத்தம்தான். பிறவியிலேயே கண் நீர் அழுத்தம் இருந்தாலும் கருவிழி, அதாவது கண்ணின் முன்னால் கண்ணாடி மாதிரி இருக்கும் தெளிவான படலம், மங்கும், அதைக் கவனிக்காமல் விட்டால் உள்ளே நரம்பு போய்விடும், போன நரம்பு திரும்பாது. குழந்தையை ஜன்னல் பக்கம் தூக்கிப் போனால் கண்ணை இறுக்கி மூடிக்கொள்கிறதா, சும்மாவே தண்ணீர் வடிகிறதா, ஒரு கண் மற்றதைவிடப் பெரிதாகத் தெரிகிறதா என்று பாருங்கள். பிறந்த குழந்தைக்குக் கருவிழியின் குறுக்களவு சுமார் 10 மில்லிமீட்டர்தான், 12 இருந்தால் எங்களுக்குத் தூக்கிவாரிப் போடும். 'எவ்ளோ பெரிய கண்ணு' என்று ஊரே கொஞ்சிய குழந்தைகளை அழுத்தம் ஏறிய பிறகு கொண்டுவந்திருக்கிறார்கள்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால், அதாவது ஒரு கண்ணில், நடுவில் மட்டும் வெள்ளை, ஓரம் தெளிவு என்றால், முதலில் நினைவுக்கு வருவது பீட்டர்ஸ் குறைபாடு. ஆல்பர்ட் பீட்டர்ஸ் என்ற ஜெர்மன் கண் மருத்துவர் 1906-ல் விவரித்தது. கரு உருவாகி ஆறேழு வாரத்தில் கண்ணின் முன்பகுதி உருவாகிறது. அப்போது லென்ஸ் மேல்தோலிலிருந்து பிரிந்து உள்ளே போக வேண்டும், இடையில் செல்கள் வந்து கருவிழியின் உள் அடுக்குகளைக் கட்ட வேண்டும். இதில் எங்காவது தடங்கினால் நடுவில் உள் அடுக்கு இல்லாமல் போகும், கண்ணுக்குள் இருக்கும் நீர் கருவிழிக்குள் ஊறி வெளுத்துவிடும். உங்கள் மனைவிக்கு நாள் தள்ளிப்போனது தெரியவந்த சமயத்தில் நடந்து முடிந்த விஷயம் அது, கிரகணம் பாவம். அம்மாவிடம் பக்குவமாகச் சொல்லுங்கள்: தாய்ப்பால் வாய்க்குத்தான், கண்ணுக்கு வேண்டாம், கிருமி சேரும். மருந்துக்கடையில் கேட்டு ஸ்டீராய்டு சொட்டும் வாங்கிவிடாதீர்கள்.

சொந்தத்தில் கட்டியது? பீட்டர்ஸ் பெரும்பாலும் யாருக்கும் இல்லாத குடும்பத்தில் புதிதாக வருவது. ஆனால் பிறவிக் கண் நீர் அழுத்தம், இரண்டு கருவிழியும் கண்ணாடியில் ஆவி படிந்த மாதிரி மங்கும் இன்னொரு பரம்பரை நோய், இவை சொந்தத்தில் கட்டியவர்கள் வீட்டில் கூடுதலாக வருகின்றன. அடுத்த குழந்தைக்கு முன் மரபணு ஆலோசனை கேளுங்கள், இப்போது ஒருவரையொருவர் குறை சொல்லிக்கொண்டு உட்காராதீர்கள்.

அங்கே லேசான மயக்கம் கொடுத்து அழுத்தமும் அளவும் பார்ப்பார்கள், உள்ளே தெரியாவிட்டால் ஸ்கேன் எடுப்பார்கள். பீட்டர்ஸ் என்றால் இதயம், சிறுநீரகம் எல்லாம் பார்க்கச் சொல்வார்கள், பயப்படாதீர்கள். அழுத்தம் இருந்தால் அதற்குத்தான் முதலில் அறுவை சிகிச்சை. கருவிழி மாற்று என்று யாராவது உடனே சொன்னால் நிதானமாகக் கேளுங்கள். பச்சைக் குழந்தையின் உடல் மாற்றுக் கருவிழியை எளிதில் நிராகரித்துவிடும், இன்னொரு கண் நன்றாக இருக்கும்போது அவசரப்பட மாட்டோம். சிலருக்குக் கண்மணியை, அதாவது நடுவில் இருக்கும் துளையை, தெளிவான ஓரம் வரை அகலப்படுத்தினாலே வெளிச்சம் கண்ணுக்குள் போய்விடும். அப்புறம் நல்ல கண்ணைத் தினமும் சில மணி நேரம் ஒட்டி மூடி, மங்கலான கண்ணுக்கு வேலை கொடுக்க வேண்டும். மாதக்கணக்கில் குழந்தை அதைப் பிய்த்துக்கொண்டே இருக்கும், நீங்கள் ஒட்டிக்கொண்டே இருக்க வேண்டும்.

போகும்போது பிரசவச் சீட்டை எடுத்துப் போங்கள். ஆயுதம் போட்டு எடுத்தார்களா என்பதையும் சொல்லுங்கள், அந்தக் காயத்திலும் கருவிழி மங்கும். கடைசியாக எத்தனை மணிக்குப் பால் குடித்தது என்று குறித்துக்கொள்ளுங்கள், மயக்க மருந்து டாக்டர் முதலில் கேட்பது அதைத்தான்.