வார்டை விட்டால்தான் மருத்துவக் கல்வியா?

கேள்வி: பொது மருத்துவ நிபுணராக எட்டு ஆண்டுகளாக வார்டில் வேலை பார்க்கிறேன். சொல்லிக் கொடுப்பதில் ஆர்வம் உண்டு. கல்லூரியில் பி.பி.எல். (பிரச்சினை வழிக் கற்றல்: ஒரு நோயாளியின் பிரச்சினையை மாணவர்கள் சிறு குழுவாக அலசிக் கற்பது) குழு ஒன்றை என்னிடம் ஒப்படைத்திருக்கிறார்கள். மாணவர்கள் வாயே திறப்பதில்லை. கடைசியில் நானே பாடம் நடத்திவிடுகிறேன். மருத்துவக் கல்வியை முழுநேரத் துறையாக எடுக்கலாமா? அதற்கு முதலில் பட்டம் வாங்க வேண்டுமா?

பதில்: பட்டத்தை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், டாக்டர். அந்தக் குழு ஏன் வாய் திறக்கவில்லை என்பதுதான் முதல் கேள்வி.

நீங்கள் கொடுக்கும் கேஸை எடுத்துப் பாருங்கள். 'இதயச் செயலிழப்பு உள்ள 58 வயதுப் பெண்' என்று தொடங்கினால் பேச என்ன இருக்கிறது? விடை முதல் வரியிலேயே வந்துவிட்டது. அதையே இப்படி எழுதிப் பாருங்கள்: '58 வயதுப் பெண். ஒரு மாதமாக மூன்று தலையணை வைத்துத்தான் தூங்குகிறார். நள்ளிரவில் மூச்சு முட்டி எழுந்து ஜன்னலோரம் போய் நிற்கிறார். மாலையில் செருப்பு இறுக்குகிறது.' யாராவது ஒரு மாணவர் இரண்டே நிமிடத்தில் 'ஹார்ட் ஃபெயிலியர்' என்று சொல்லிவிடுவார். பெரும்பாலான டியூட்டர்கள் சறுக்குவது இங்கேதான். 'சரியாகச் சொன்னாய்' என்று பாராட்டிவிட்டால் குழு அத்தோடு ஓய்ந்துவிடும். 'சரி, அப்படியே வைத்துக்கொள்வோம். படுத்தால் ஏன் கூடுகிறது, எழுந்து நின்றால் ஏன் குறைகிறது?' என்று கேளுங்கள். கால்களில் தேங்கிய ரத்தம் படுக்கும்போது நெஞ்சுக்குத் திரும்புகிறது, இடது வென்ட்ரிக்கிளால் (இதயத்தின் இடது கீழறை) அதைச் சமாளிக்க முடியவில்லை, நுரையீரல் நுண்குழாய்களில் அழுத்தம் ஏறி நீர் கசிகிறது என்பதை அவர்களே தட்டுத்தடுமாறிக் கட்டி எழுப்பட்டும். எங்கே முட்டி நிற்கிறார்களோ அதுதான் அன்றைய வீட்டுப்பாடம். அடுத்த அமர்வில் படித்துவிட்டு வந்து பேசுவார்கள்.

இடையில் வரும் மௌனம் உங்களுக்குத்தான் கஷ்டமாக இருக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள். குழுத் தலைவரும் எழுதுபவரும் மாணவர்களாகவே இருக்கட்டும். பலகைப் பக்கம் நீங்கள் போகவே வேண்டாம்.

பி.பி.எல். முறை கனடாவின் மக்மாஸ்டர் மருத்துவக் கல்லூரியில் 1969-ல் தொடங்கியது. நெதர்லாந்தின் மாஸ்ட்ரிக்ட் 1974-ல் இதை எடுத்துக்கொண்டது. பலரும் பின்பற்றும் 'ஏழு படி' அமர்வுமுறை அங்கிருந்து வந்ததுதான். இதை உலகெங்கும் கொண்டுபோனவர்களில் முக்கியமானவரான ஹோவர்ட் பாரோஸ் ஒரு நரம்பியல் மருத்துவர். பயிற்சி பெற்ற ஒருவரை நோயாளியாக நடிக்கவைத்து மாணவர்களைச் சோதிக்கும் முறையை 1960-களில் தொடங்கிவைத்தவரும் அவரே. ஆகவே வார்டை விட்டால்தான் கல்வித்துறை என்று நினைக்க வேண்டாம். வாரத்தில் சில நாளாவது நோயாளிகளைப் பாருங்கள். அந்தச் செருப்பு இறுக்கும் விவரமெல்லாம் படுக்கையருகில் நின்று கேட்டவருக்குத்தான் எழுத வரும்.

பி.பி.எல்.-ஐப் பெரிய மந்திரமாக நினைத்தும் இந்தத் துறைக்கு வர வேண்டாம். 1993-ல் வெளிவந்த இரண்டு தொகுப்பு ஆய்வுகளின்படி, மாணவர்களுக்கு இந்த முறை பிடித்திருக்கிறது, நோயாளி சார்ந்த தேர்வுகளில் அவர்கள் பின்தங்கவில்லை. ஆனால் அடிப்படை அறிவியல் தேர்வுகளில் சில இடங்களில் மதிப்பெண் குறைந்தது. தவிர, ஆண்டு முழுக்கக் குழுவாக யோசிக்க வைத்துவிட்டு, கடைசியில் மனப்பாடத் தேர்வு வைத்தால் மாணவர்கள் உங்கள் அமர்வை மதிக்க மாட்டார்கள். அவர்கள் மேல் தப்பில்லை. அதனால் தேர்வு அமைப்பதைக் கற்றுக்கொள்ளுங்கள். குறிப்பாக, ரொனால்ட் ஹார்டன் 1975-ல் அறிமுகப்படுத்திய ஓஸ்கி (மாணவர்கள் பல நிலையங்களுக்கு மாறி மாறிப் போய், ஒவ்வொன்றிலும் ஒரு செயலைச் செய்து காட்டும் தேர்வு). நல்ல கேஸ் எழுதவும் தெரிந்து, நியாயமான தேர்வு வைக்கவும் தெரிந்தவரை எந்தக் கல்லூரியும் லேசில் விடாது.

பட்ட விஷயம். இரண்டு பருவமாவது குழு நடத்தி, இது உங்களுக்கு ஒத்துவருகிறதா என்று பார்த்துவிட்டுக் குறுகிய கால ஆசிரியப் பயிற்சி ஒன்றில் சேருங்கள். முதுநிலைப் பட்டம் அதற்குப் பிறகு. பாடத்திட்டப் பொறுப்போ கல்வி ஆராய்ச்சியோ வேண்டும் என்றால் மட்டும். பகுதிநேரமாக, வேலையை விடாமல் படிக்கும் வசதி பல இடங்களில் உண்டு.

அதுவரை எழுதிய கேஸ்கள், அவற்றை ஏன் திருத்தினீர்கள் என்ற குறிப்பு, மாணவர் கருத்துகள், அமைத்த தேர்வு வினாக்கள் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் சேர்த்து வையுங்கள். பதவி உயர்வுக் குழு முன்னால் காட்ட அது வேண்டியிருக்கும். மாணவர்களை வைத்து ஆய்வு செய்யும் எண்ணம் வந்தால், தரவு சேர்ப்பதற்கு முன்பே நெறிமுறைக் குழுவின் அனுமதியை வாங்கிவிடுங்கள். சேர்த்த பிறகு கேட்டால் கிடைப்பது கடினம்.