உப்புக்காற்றில் வேர்னியர்: கேள்வி பதில்

திருகோணமலையில் படகு எஞ்சின்களுக்கு லேத் (கடைசல் இயந்திரம்) வேலை செய்கிறேன். இந்த வாரம் வந்த கேள்விகள் இவை.

கிண்ணியா: வேர்னியரில் (துண்டை வாயில் பிடித்து அளக்கும் கருவி) 0.02 மி.மீ. எப்படி வருகிறது?

நகரும் சிறிய அளவுகோலில் 49 மி.மீ. நீளத்தை 50 பங்காகப் பிரித்திருப்பார்கள். ஒரு பங்கு 0.98. பிரதான அளவுகோலின் 1 மி.மீ.யோடு வித்தியாசம் 0.02. நேராகப் பாருங்கள், சரிந்து பார்த்தால் பக்கத்துக் கோடு பொருந்துவதுபோலத் தெரியும். அளக்குமுன் வேர்னியரின் வாயைத் துடைத்து, மூடி, பூச்சியக் கோடுகள் பொருந்துகின்றனவா என்று பாருங்கள்.

மூதூர்: மாலையில் ஹவுசிங்கில் (பேரிங் உட்காரும் கூடு) வழுக்கிப் போன பேரிங், காலையில் ஏறவில்லை. ஏன்?

தம்பி, இதே தவறை நானும் செய்திருக்கிறேன். கடைந்து முடித்த சூட்டோடு அளந்திருப்பீர்கள். 100 மி.மீ. அலுமினியத் துளை 20 பாகை சூடேறினால் கிட்டத்தட்ட 0.05 மி.மீ. விரியும். ஆறியதும் அது சுருங்கிவிடும். அளவுகளுக்கான நியம வெப்பநிலை 20 பாகை. நம்மூர் நண்பகல் 30ஐத் தாண்டும். பட்டறையைக் குளிராக்க முடியாது. ஆனால் துண்டையும் மைக்ரோமீட்டரையும் (திருகி நுட்பமாக அளக்கும் கருவி) ஒரே மேசையில் ஒரு மணிநேரம் வைக்கலாம். மைக்ரோமீட்டரை உள்ளங்கையில் பொத்திப் பிடிக்காதீர்கள், கைச்சூடும் ஏறும்.

நிலாவெளி: அடிமட்டத்தின் நுனி தேய்ந்துவிட்டது.

10 மி.மீ. கோட்டிலிருந்து பிடித்து, கடைசியில் 10ஐக் கழியுங்கள்.

சீனக்குடா: லேத் ஓடும்போதே அளக்கலாமா?

கூடாது. நிறுத்துங்கள். வேர்னியரின் வாயும் தேயும், விரலும் போகும்.

இன்னும் நால்வர்: எந்த வேர்னியர் நல்லது?

நால்வருக்கும் ஒரே பதில்: துடைத்து, பூச்சியம் பார்த்து, எண்ணெய் தடவி வைக்கும் வேர்னியர். கடற்கரையில் ஒரு இரவு மறந்தால் துரு பிடிக்கும்.

உப்புவெளி: அப்பா நூல் கணக்கில்தான் வள்ளம் கட்டினார். மி.மீ. எதற்கு?

பலகைக்கு நூல் அருமையான அளவு. அங்குலத்தில் எட்டில் ஒன்று, 3.175 மி.மீ. அதை நான் குறைத்துச் சொல்லவில்லை.

உப்புவெளி (மீண்டும்): அப்ப 4 நூலும் 12 மி.மீ.யும் ஒன்றுதானே?

இல்லை, இதைக் கேட்டதும் பதறிப்போனேன்! 4 நூல் 12.7 மி.மீ. அரை அங்குல விட்வொர்த் (பழைய பிரித்தானிய அங்குலப் புரி) போல்ட்டில் அங்குலத்துக்கு 12 புரி, அதாவது புரிக்குப் புரி 2.117 மி.மீ.; சாதாரண 12 மி.மீ. போல்ட்டில் 1.75. 12 மி.மீ. போல்ட்டை அரை அங்குல நட்டில் போட்டால் ஓரிரு சுற்று உள்ளே போகும், பிறகு புரி பொருந்தாமல் சிக்கும். இறுக்கும்போது பிடித்ததுபோல இருந்துவிட்டு, நடுக்கடலில் அதிர்வில் கழன்றுவிடலாம். அப்பாவின் பழைய எஞ்சினில் எது இருக்கிறதென்று முதலில் பிட்ச் கேஜ் (புரி இடைவெளியை ஒப்பிடும் பல் தகடு) வைத்துப் பாருங்கள். தகட்டின் பல் இடையில் வெளிச்சம் தெரியாமல் உட்கார்ந்தால்தான் அது அந்தப் புரி.